பிடிபட்ட கப்பல் போன பாதை: ஃப்ரீடவுன் முதல் செயின்ட் ஹெலினா வரை

நாள் 1: லுங்கியிலிருந்து தண்ணீர் தாண்டி

அடிமைக் கப்பல்களைத் துரத்திப் பிடித்த பிரிட்டிஷ் கடற்படையின் தடத்தில் ஒரு பயணம் இது. சியரா லியோனின் விமான நிலையம் லுங்கியில் இருக்கிறது. தலைநகர் ஃப்ரீடவுன் எதிர்க்கரையில். நடுவில் அகன்ற கழிமுகம். சாலை வழியாகச் சுற்றிப் போனால் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் பெரும்பாலோர் மோட்டார் படகில் அபர்டீன் கரைக்கு வந்துவிடுகிறார்கள். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். அப்போது பெட்டியை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

படகு பாதி தூரம் வந்ததும் சுற்றிப் பாருங்கள். இடப்பக்கம் ஆறு உள்ளே போகிறது, வலப்பக்கம் திறந்த அட்லாண்டிக், எதிரே கடலோரத்திலேயே எழும் மலைகள். மேற்கு ஆப்பிரிக்கக் கரை பெரும்பாலும் தாழ்ந்து, அலை மோதி, கப்பல் நெருங்க முடியாமல் கிடக்கும். இங்கே மட்டும் ஆழமும் உண்டு, காற்றுக்கு ஒதுங்க இடமும் உண்டு, நல்ல தண்ணீரும் உண்டு. 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் நாட்டவர் அடிமை வணிகம் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டது. 1808 ஜனவரியில் ஃப்ரீடவுன் பிரிட்டிஷ் அரசின் நேரடிக் குடியேற்றமானது. அதே ஆண்டு, அடிமைக் கப்பல்களைப் பிடிக்க, 'சோல்பே', 'டெர்வென்ட்' என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தன. பல ஆயிரம் கிலோமீட்டர் கரைக்கு இரண்டே கப்பல்! நெப்போலியனுடன் போர் நடந்துகொண்டிருந்த சமயம். மிச்சம் இருந்ததைத்தான் அனுப்பினார்கள்.

துறைமுகம் என்னவோ அருமையானதுதான், ஆனால் இருக்கும் இடம் தோது இல்லை. அடிமைக் கப்பல்கள் மொய்த்த, இன்றைய நைஜீரியாவின் லாகோஸ், போனி ஆற்று முகங்கள் கிழக்கே கடல் வழியில் ஏறக்குறைய 2,000 கி.மீ. தள்ளி இருக்கின்றன. போவது சுலபம், ஏனென்றால் கினி நீரோட்டம் கிழக்கே ஓடுகிறது, காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. பிடித்த கப்பலை வழக்குக்காக ஃப்ரீடவுனுக்குக் கொண்டுவர வேண்டும்; அப்படித் திரும்புவதுதான் பாடு. பாய்க்கப்பல் கரையை ஒட்டி எதிர்த்து ஏற முடியாது. தெற்கே இறங்கி, நிலநடுக்கோட்டைத் தாண்டி, தென்கிழக்குக் காற்றைப் பிடித்து மேற்கே ஓடி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். மீட்கப்பட்ட மக்கள் அதே அடித்தட்டில், அதே சீதபேதியோடு, இன்னும் பல வாரங்கள் கடலில். பின்னாளில் பேராயரான சாமுவேல் அஜாயி க்ரௌதர் இருந்த போர்ச்சுகீசியக் கப்பலை 1822 ஏப்ரல் 7 அன்று லாகோஸ் அருகே கடற்படை பிடித்தது. அவர் ஃப்ரீடவுனில் கால் வைத்தது ஜூன் 17 அன்று.

நாள் 2: கிங் ஜிம்மி, போர்ச்சுகீசியப் படிகள், க்ரூ பே

மூன்றும் நடக்கும் தூரத்தில்தான். ஊரின் பழைய அடையாளமான பெரிய இலவ மரம் 2023 மே மாதப் புயலில் சாய்ந்துவிட்டது. வழி கேட்டால் இன்றும் அந்த மரத்தை வைத்தே சொல்வார்கள். அங்கிருந்து கடலை நோக்கி இறங்கினால் போர்ச்சுகீசியப் படிகள் வரும். பெயரை நம்ப வேண்டாம். ஆளுநர் மெக்கார்த்தி காலத்தில், 1818இல், பிரிட்டிஷார் கட்டியவை அவை. பக்கத்திலேயே கிங் ஜிம்மி சந்தை. கப்பல்கள் குடிதண்ணீர் பிடித்த துறை அது.

மேற்கே க்ரூ பே. இன்று நெரிசலான குடிசைப் பகுதி, மழைக்கு முதலில் முழுகுவதும் அதுதான். லைபீரியக் கரையின் க்ரூ மாலுமிகள் தங்கிய இடம் என்பதால் இந்தப் பெயர். இவர்கள் இல்லாமல் ரோந்துப் படை நகர்ந்திருக்காது. அலை மோதும் கரையில் படகு இறக்குவது, சதுப்புக்குள் துடுப்பு போடுவது, விறகும் தண்ணீரும் ஏற்றுவது எல்லாம் அவர்கள் வேலை. 1850 வாக்கில் படையில் ஏறக்குறைய 25 கப்பல்கள், 2,000 பிரிட்டிஷ் மாலுமிகள், அவர்களோடு ஆயிரத்துக்கு நெருங்கிய க்ரூக்காரர்கள். சொந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்று கயிறு, பீர் பாட்டில் என்றெல்லாம் வாய்க்கு வந்த பெயரை வைத்துப் பதிவேட்டில் எழுதினார்கள்.

துரத்தல் எப்படி நடந்தது? ஆரம்பத்தில் படைக்குக் கிடைத்தவை கனமான போர்க்கப்பல்கள். அடிமை வணிகர்களிடம் இருந்ததோ ஒல்லியான, பெரும்பாய் விரிக்கும் விரைவுக் கலங்கள். லேசான காற்றில் அவற்றை எட்டவே முடியாது. அதற்கு வழி எதிரியின் கப்பலையே எடுத்துக்கொள்வதுதான். 1827இல் பிடிபட்ட 'என்ரிகேட்டா' என்ற பிரேசில் கப்பலை ஏலத்தில் வாங்கி 'பிளாக் ஜோக்' என்று பெயர் மாற்றினார்கள். முக்கிய ஆயுதம் சுழல் மேடையில் ஏற்றிய நீண்ட பீரங்கி ஒன்று. 1829 பிப்ரவரி 1 அன்று, 31 மணி நேரத் துரத்தலுக்குப் பின், 14 பீரங்கிகள் கொண்ட 'எல் அல்மிரான்டே'யை அது மடக்கியது. காற்று செத்துப்போன வேளையில் நீண்ட துடுப்புகளைப் போட்டுத் தள்ளியே நெருங்கினார்கள். உள்ளே உயிரோடு 466 பேர். இந்த மாதிரிச் சண்டையில் குண்டை உடலில் இறக்கக்கூடாது, ஏனென்றால் உடலுக்குள்தான் ஆட்கள் இருக்கிறார்கள். பாய்மரத்தையும் கயிறுகளையும் குறிவைக்க வேண்டும்.

பாவம், 'பிளாக் ஜோக்' நெடுநாள் நிற்கவில்லை. மரம் உளுத்துப்போய், 1832 மே மாதம் இதே துறைமுகத்தில் கொளுத்தப்பட்டது. வெப்பக் கடலில் மரக்கப்பலுக்கு ஆயுசு அவ்வளவுதான்.

நாள் 3: மௌன்ட் ஆரியோல், காகிதங்கள்

ஃபூரா பே கல்லூரி வளாகத்துக்கு வண்டி பிடித்து மலையேறுங்கள். நாட்டின் பொது ஆவணக் காப்பகம் அங்கேதான். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பதிவேடுகள் டிஜிட்டல் வடிவிலும் உள்ளன; இருந்தாலும் அந்தத் தடித்த ஏடுகளை நேரில் பார்ப்பது வேறு. இன்றைய பதிவு நீளம். இந்தப் பயணமே இதற்காகத்தான்.

கடலில் கப்பலைப் பிடித்ததும் அடிமைகள் விடுதலையாகிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. நீதிமன்றம் அந்தக் கப்பலைக் குற்றக் கப்பல் என்று தீர்த்த பிறகே விடுதலை. அதுவரை அவர்கள் 'வழக்குப் பொருள்'. வழக்கு தோற்றால் கப்பலோடு அவர்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வழக்கு தோற்பதற்கு வழிகள் ஏராளம். 'லு லூயி' என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்து ஃப்ரீடவுன் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1817இல் லண்டன் மேல்முறையீட்டில், சமாதான காலத்தில் வேற்றுநாட்டுக் கப்பலைச் சோதனை போடப் பிரிட்டனுக்கு உரிமையில்லை என்று தீர்ப்பாகித் தலைகீழானது. ஆகவே ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி ஒப்பந்தம் தேவைப்பட்டது. 1817இல் போர்ச்சுகலும் ஸ்பெயினும், 1818இல் நெதர்லாந்தும் கையெழுத்திட்டன. 1819 முதல் கலப்பு நீதிமன்றங்கள் இங்கே இயங்கின. பிரிட்டனுக்கு ஒரு நீதிபதி, எதிர்நாட்டுக்கு ஒரு நீதிபதி, இரு தரப்புக்கும் ஆளுக்கொரு நடுவர். நீதிபதிகள் ஒத்துப்போகாவிட்டால் எந்த நடுவர் உட்காருவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்! நூற்றுக்கணக்கான மனிதரின் கதி அந்தச் சீட்டில். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

கப்பலில் ஏறும் அதிகாரிக்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தந்த நாட்டுக்கான அதிகாரப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். லெப்டினன்ட் பதவிக்குக் கீழே உள்ளவர் சோதனை போட்டால் செல்லாது. எதிரிகளோ இரண்டு மூன்று நாட்டுக் கொடிகளும் அதற்கேற்ற கடவுச் சீட்டுகளும் வைத்திருந்தார்கள். போர்ச்சுகீசியக் கப்பல்களுக்கு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வணிகம் செய்ய அப்போது அனுமதி இருந்ததால், லாகோஸில் ஆள் ஏற்றிவிட்டு 'தெற்கே மொலெம்போவில் ஏற்றினோம்' என்று பதிவேடு எழுதினார்கள். 'என்ரிகேட்டா' வைத்திருந்ததும் மொலெம்போ சீட்டுத்தான். இதை உடைக்கக் கப்பலின் தினசரிக் குறிப்பை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும், ஏற்றப்பட்டவர்கள் எந்த மொழி பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை வேறு. ஆரம்ப ஒப்பந்தங்களின்படி, அடிமைகள் உள்ளே இருந்தால்தான் கப்பலைப் பிடிக்கலாம். அடிமைகளோ கரையில் பாரக்கூன் எனும் கொட்டடிகளில் தயாராக அடைக்கப்பட்டிருப்பார்கள். ரோந்துக் கப்பல் கண்ணை விட்டு மறைந்ததும் சில மணி நேரத்தில் அத்தனை பேரையும் ஏற்றி, கரைக்காற்று எழும் இரவில் பாய் விரித்துவிடுவார்கள். காலையில் விலங்கும் பலகையுமாக நின்ற காலிக் கப்பலை ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் அதைப் பிடிக்கவும் முடியாது. துரத்தினால் இன்னொரு கொடுமை. 1831 செப்டம்பரில் போனி ஆற்றில் 'ராப்பிடோ' என்ற அடிமைக் கப்பலின் ஆட்கள், அகப்படப் போகிறோம் என்று தெரிந்ததும், விலங்கோடு சேர்த்தே மனிதர்களைத் தண்ணீரில் தள்ளினார்கள். சாட்சியம் மூழ்கிவிட்டால் வழக்கு இல்லை என்ற கணக்கு.

1835இல் ஸ்பெயினோடு போட்ட புது ஒப்பந்தம் இதை மாற்றியது. அதிலுள்ள 'சாதனப் பிரிவு'தான் ஐம்பது ஆண்டு ரோந்தின் மிகக் கூர்மையான ஆயுதம் என்பது எங்கள் கருத்து. ஆள் இல்லாவிட்டாலும், ஆள் ஏற்றுவதற்கான சாமான் இருந்தாலே போதும். மேல்தளத் திறப்புகளில் மூடிப் பலகைக்குப் பதிலாகக் காற்றுப் புகும் அழிக்கதவு, அடித்தட்டில் தேவைக்கு மேல் தடுப்புகள், இன்னொரு தளம் போடத் தயாராக அடுக்கிய பலகைகள், விலங்கு, சங்கிலி, ஆளுக்கு மீறிய அரிசி, மரவள்ளி மாவு, சோளம், அளவுக்கு மீறிய கொப்பரை, அதிகப்படியான தண்ணீர்ப் பீப்பாய்.

பீப்பாய்க் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 30 மாலுமிகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று 35 நாளுக்கு 4,200 லிட்டர். ஏறக்குறைய 480 லிட்டர் பிடிக்கும் பெரிய பீப்பாயில் ஒன்பது. அதே கப்பலில் 400 அடிமைகளுக்கு, ஆளுக்கு வெறும் 2 லிட்டர் என்றாலும், 28,000 லிட்டர். மேலும் 58 பீப்பாய். இதை ஒளிக்க முடியுமா? முயன்றார்கள். பீப்பாய்களைக் கழற்றி, பலகைத் துண்டுகளாகக் கட்டி, இரும்பு வளையங்களைத் தனியே வைத்துக்கொண்டு வருவார்கள். கரையில் தச்சர் சேர்த்துவிடுவார். பனையெண்ணெய் வியாபாரியிடமும் இத்தனை பீப்பாய் இருக்குமே என்று கேட்டால், அதற்குச் சுங்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லையா, வழக்கு முடிந்தது.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரி: தண்டிக்கப்பட்ட கப்பலை உடைத்துவிட வேண்டும். அதுவரை ஏலம் விட்டார்கள், அடிமை வணிகரின் தரகரே அந்த ஏலத்தில் வாங்கி, அதே கப்பல் அதே தொழிலுக்குத் திரும்பியது. பிறகுதான் அறுத்து விறகாக்கினார்கள்.

1839, 1845 சட்டங்களால் போர்ச்சுகல், பிரேசில் கப்பல்களையும் பிரிட்டன் தன்னிச்சையாகப் பிடிக்கத் தொடங்கியது. ஆனாலும் சட்டச் சிக்கல் விடவில்லை. 1845இல் 'வாஸ்ப்' கப்பலின் ஆட்கள் காலியாக இருந்த 'ஃபெலிசிடாடே'வைப் பிடித்தார்கள். அதை வைத்து, அடிமைகள் நிறைந்திருந்த 'எக்கோ' என்ற கப்பலையும் பிடித்தார்கள். 'எக்கோ'வின் மாலுமிகள் சிலரை 'ஃபெலிசிடாடே'வில் ஏற்றியதும் அவர்கள் கிளர்ந்து, இளம் அதிகாரி பாமரையும் அவரோடு இருந்த ஒன்பது பேரையும் கொன்றார்கள். எக்ஸிட்டரில் ஏழு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. பிறகு லண்டனில் நீதிபதிகள் கூடி, காலிக் கப்பலைப் பிடித்ததே சட்டப்படி செல்லாது, ஆகவே அதன் மேல் நடந்த கொலையை விசாரிக்க இங்கிலாந்துக்கு அதிகாரமில்லை என்று விடுவித்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மாலுமிகள் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கப்பலைப் பிடித்த மாலுமிகளுக்கு, மீட்ட ஆள் கணக்கில் அரசு கொடுத்த பரிசுப் பணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆரம்பத்தில் ஆணுக்கு 40 பவுன், பெண்ணுக்கு 30, குழந்தைக்கு 10. 1824இல் தலைக்கு 10 என்றும், 1830இல் 5 என்றும் குறைந்தது. தலைக்குப் பணம் என்றால் காலிக் கப்பலுக்குப் பணம் இல்லை. 'ஏற்றும் வரை காத்திருந்து பிடிக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு அதிலிருந்துதான் பிறந்தது. 1838இல் காலிக் கப்பலுக்கு டன் ஒன்றுக்கு 4 பவுன் என்று வைத்த பிறகே கணக்கு சரிப்பட்டது.

நாள் 4: கிங்ஸ் யார்டு வாசல்

கன்னாட் மருத்துவமனை நடப்பு மருத்துவமனை. நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். மீட்கப்பட்டவர்களை வைத்திருந்த 'கிங்ஸ் யார்டு' என்ற பழைய வளாகத்தின் கல் வாசல் அங்கே நிற்கிறது. அடிமைத்தனத்திலிருந்து பிரிட்டிஷ் வீரத்தாலும் மனிதநேயத்தாலும் மீட்கப்பட்ட ஆப்பிரிக்கருக்காக 1817இல் எழுப்பியது என்று கல்வெட்டு தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறது.

தீர்ப்புக்குப் பின் இங்கேதான் பதிவு. வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா, வயது, உயரம் அடி அங்குலத்தில், உடலில் உள்ள தழும்பு, குலக்குறி. பெயரைச் சொன்னது ஒரு மொழியில், எழுதியது ஆங்கிலக் காதில் விழுந்தபடி. இன்று யோருபா, மெண்டே அறிஞர்கள் அந்த எழுத்துக்கூட்டலை வாய்விட்டுப் படித்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பதிவான பிறகு? 1807 சட்டம் 14 ஆண்டு வரை 'தொழில் பழகுநர்' ஆக்கலாம் என்றது. ஆண்களைப் படையில் சேர்க்கலாம். 1808இல் வந்த ஆளுநர் தாமஸ் பெரோனட் தாம்ப்சன், இது பேர் மாற்றிய அடிமைத்தனம் என்று சண்டை போட்டார். 1810இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

நாள் 5: பன்ஸ் தீவு, சதுப்பு, காய்ச்சல்

ஆற்றில் ஏறக்குறைய 30 கி.மீ. மேலே. விரைவுப் படகில் ஒரு மணி நேரம் ஆகும். ஏற்றவற்றம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டி வரலாம். 1670 வாக்கில் தொடங்கிய பிரிட்டிஷ் அடிமைக் கோட்டையின் இடிபாடுகள் காட்டுக்குள். நெல் பயிரிடத் தெரிந்தவர்களை இங்கிருந்து தென் கரோலினாவுக்கு ஏற்றினார்கள்.

போகும் வழியில் அலையாத்திக் காடுகளைக் கவனியுங்கள். கப்பல் நுழையாத இத்தகைய ஓடைகளுக்குள் படகுகளை அனுப்பி, மாலுமிகளை நாள் கணக்கில் திறந்தவெளியில் தூங்க வைத்தது கடற்படை. செத்தது அங்கேதான். 1830க்கும் 1865க்கும் இடையில் இந்தப் படையில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,600, பெரும்பாலும் நோயில். கொசுதான் காரணம் என்று யாருக்கும் தெரியாது, சதுப்பின் கெட்ட ஆவி என்று நம்பினார்கள். மஞ்சள் காய்ச்சல் தொற்றாது என்று காட்ட, 'சிபில்' கப்பலின் மருத்துவர் ராபர்ட் மெக்கினல் நோயாளியின் கறுப்பு வாந்தியை மாலுமிகள் முன்னால் குடித்துக் காட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் புரியாவிட்டாலும் அந்தப் பயம் தணிந்தது. 1847இல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரைசன் கொடுத்த அறிக்கைதான் உருப்படியானது: கரைக்குப் போகும் ஆட்களுக்குத் திராட்சை மதுவில் கலந்த குயினைன், திரும்பிய பின்னும் சில நாட்கள். போய் வந்த பின்னும் கொடுப்பதுதான் முக்கியம்; காய்ச்சல் கப்பலுக்குத் திரும்பிய பிறகுதான் எழும். நீங்களும் மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாதீர்கள்.

நாள் 6: ரீஜென்ட், கிளைன் டவுன்

மலைமேல் உள்ள ரீஜென்ட், குளோஸ்டர், சார்லட், பாதர்ஸ்ட் எல்லாம் மீட்கப்பட்டவர்களைக் குடிவைத்த ஊர்கள். பெயர்களைப் பார்த்தால் இங்கிலாந்து வரைபடம். ரீஜென்டில் கல்லால் கட்டிய செயின்ட் சார்லஸ் தேவாலயம் பழையது. 2017 ஆகஸ்ட் 14 மண்சரிவில் அந்த மலைச்சரிவு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் புதைத்தது. மழைக்காலத்தில் போக வேண்டாம்.

கிழக்கே கிளைன் டவுனில் பழைய ஃபூரா பே கல்லூரி, கூரையில்லாமல் நிற்கிறது. 1827இல் தொடங்கிய கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவர் க்ரௌதர். எத்தனையோ மொழி பேசிய மக்கள் ஒரே ஊரில் கலந்து உண்டானதுதான் கிரியோ மொழி. சந்தையில் நீங்கள் கேட்பது அதைத்தான்.

நாள் 7, 8: விமானங்கள்

எழுத ஒன்றுமில்லை. தென் அட்லாண்டிக் தீவான செயின்ட் ஹெலினாவுக்குப் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே காற்று மோசமானால் விமானம் இறங்காது. இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

நாள் 9: ஜேம்ஸ்டவுன், ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு

காசில் பூங்காவில் 'வாட்டர்விட்ச்' என்ற ரோந்துக் கப்பலின் நினைவுத்தூண். அந்தக் கப்பல் முதலில் ஒரு பிரபுவின் உல்லாசப் படகு. ஓட்டத்தைப் பார்த்துக் கடற்படை வாங்கிக்கொண்டது. 'பிளாக் ஜோக்' பாடம் மறக்கவில்லை.

1840இல் இங்கே கடற்படை நீதிமன்றம் வந்தது. அங்கோலாவிலிருந்து பிரேசில் போகும் கப்பல்களைப் பிடித்தால் தென்கிழக்குக் காற்றிலேயே நேராக இங்கே வந்துவிடலாம். ஃப்ரீடவுனின் காற்றுச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இங்கே குடியேற நிலம் இல்லை. முதலில் லெமன் பள்ளத்தாக்கிலும் பிறகு ரூபர்ட்ஸிலும் கூடாரம் போட்டு இறக்கினார்கள். 1870களின் தொடக்கம் வரை வந்தவர்கள் 25,000க்கு மேல். அவர்களில் ஏறக்குறைய 8,000 பேர் இங்கேயே இறந்தார்கள். தப்பியவர்களில் பெரும்பாலோரைக் கயானா, டிரினிடாட், ஜமைக்கா தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பினார்கள். 1845க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் ஏறிய கூலிக் கப்பல்கள் போனதும் கயானா, டிரினிடாட் தோட்டங்களுக்குத்தான். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன அந்தக் கப்பல்களில் பல வழியில் தண்ணீர் பிடித்தது இந்தத் தீவில்.

விமான நிலையச் சாலைக்காக 2007-08இல் தோண்டியபோது 325 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. பெரும்பாலோர் சிறுவர்களும் இளவயதினரும். பலருக்குப் பெட்டி இல்லை, ஒரே குழியில் சிலர் சேர்ந்து கிடந்தார்கள். சில பற்கள் ஊர் வழக்கப்படி அராவிக் கூராக்கப்பட்டிருந்தன. மணிகளும் காப்புகளும் சிலரோடு இருந்தன. பல ஆண்டு கிடப்பில் இருந்த அந்த எலும்புகளை 2022 ஆகஸ்டில் இதே பள்ளத்தாக்கில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

ஜேம்ஸ்டவுனிலிருந்து மண்டன்ஸ் வழியாகப் பாறையோர நடைபாதை உண்டு. ரூபர்ட்ஸில் நிழலும் கிடையாது, ஓடைத் தண்ணீரும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப் போங்கள்.